கல்மரக் காட்டில் ஒரு றப்பர்க் கால்

காலை ஐந்து நாற்பதுக்கு ரயில் ஜெய்சல்மேரில் நின்றது. முதலில் இறங்கியவள் நான். இரண்டு பைகளையும் கீழே வைத்துவிட்டு மேடையைச் செருப்புக் காலால் இரண்டு தட்டுத் தட்டினேன். "சீமெந்துதான். இறங்குங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் என் மனிசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பக்கத்தில் பெரிய தலைப்பாகையோடு நின்ற ஒருவர், தங்கள் ஊர் மேடையைச் சட்டி வாங்குகிறவள் மாதிரித் தட்டிப் பார்க்கிற இந்தப் பொம்பிளை யார் என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதம். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். எங்கள் ஊர் மார்கழிப் பனிக்கே தலையில் துவாய் சுற்றுகிற ஆட்கள் நாங்கள். கொண்டுபோன இரண்டு போர்வைகளையும் போர்த்துக்கொண்டு, நிலைய வாசலில் மூன்று ரூபாய்க்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தோம். இஞ்சி போட்டு, பால் ஊற்றிக் காய்ச்சியது. அவர் இரண்டு குடித்தார். "தேத்தண்ணிக்கே வந்த காசு செரி" என்றார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனிசன் பெயர் தவராசா. களுதாவளையில், வாவிக்கரையில் தோணி கட்டுகிற ஓடாவி. இரண்டு வருஷத்துக்கு முந்தி, சமாதான ஒப்பந்தத்தோடு சண்டை ஓய்வதற்குக் கொஞ்சம் முந்தி, தோணிக்கு மருத மரம் பார்க்க என்று வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனவர், மிதிவெடியில் இடது காலை விட்டுவிட்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். யார் புதைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் மற்றவரைக் காட்டினார்கள். அந்த விசாரணையை நாங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டோம்.

காலோடு இன்னொன்றும் போனது. மண்ணில் இறங்குகிற துணிவு. ஊன்றுகோலோடு தார் றோட்டில் நடப்பார், சீமெந்துத் தரையில் நடப்பார். மண் என்றால் நின்றுவிடுவார். எங்கள் வாசலிலிருந்து கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் தானே பலகை அடித்துப் போட்டுக்கொண்டு, அதன்மேல்தான் போய்வருவார். நான் பத்தொன்பது வருஷமாகத் தினமும் கூட்டுகிற முற்றம், அதில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்டால், "தெரியும் புள்ள" என்பார். தெரியும், ஆனால் இறங்கமாட்டார். தோணி கட்டுகிற இடமோ முழுக்க முழுக்க மணல். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஜெய்ப்பூரில் செய்கிற றப்பர்க் கால் எங்கள் பக்கத்தில் பேர்போனது. செருப்பில்லாமல் நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தியிருக்கலாம். ஊரிலே போட்ட முதல் கால் அவருக்குப் புண்ணாக்கிப் புண்ணாக்கி மூலைக்குப் போய்விட்டது. அதனால் தொண்டு செய்கிற சிலர் எங்கள் மாவட்டத்திலிருந்து ஒன்பது பேரை, ஆளுக்கொரு துணையோடு, ஜெய்ப்பூருக்கே அனுப்பினார்கள். பத்து நாளில் கால் தயார். கால் பூட்டுகிற பட்டறையில் ஒரு பெரிய மீசைக்காரர் இருந்தார். கடைசி நாள் அவர் சொன்னார்: "மூன்று நாள் வெளியே போய் நடவுங்கள். மணல், கல், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும். எங்கே உரசுகிறது, எங்கே வலிக்கிறது என்று வந்து சொன்னால் திருத்தித் தருவேன். சீமெந்தில் மட்டும் நடந்துவிட்டு வந்தால் நான் என்ன திருத்துவது?" சனிக்கிழமை எங்களுக்கு விமானம்.

அந்நிய ஊரில், ஒரு வெடியும் வெடிக்காத மண்ணில்கூடக் கால் வைக்காமல் திரும்பினால், இந்த மனிசன் சாகும்வரை பலகையிலேதான் நடப்பார். அது எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

மற்ற எட்டுப் பேரும் ஆக்ராவுக்குத் தாஜ்மகால் பார்க்கப் புறப்பட்டார்கள். எங்களுக்கும் வாகனத்தில் இடம் இருந்தது. இவருக்கோ மீசைக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன வேறொரு கதை பிடித்துப்போயிற்று. அவருடைய ஊருக்குப் பக்கத்தில், பாலைவனத்தில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றனவாம். "என்ன மரம்?" என்று இவர் கேட்டார். மீசைக்காரருக்குத் தெரியவில்லை. "மரமெண்டாப் பேர் இல்லாமலா கிடக்கும்?" என்று அன்று முழுக்க என்னை அரித்தெடுத்தார். நான் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. பாலைவனம் என்றால் மண்தானே, இறங்கத்தானே வேணும் என்று என் கணக்கு எனக்கு. உலகமே ஆசைப்படுகிற தாஜ்மகாலை விட்டுவிட்டு, செத்த மரம் பார்க்க அறுநூறு கிலோமீட்டர் போன ஆட்கள் மட்டக்களப்பிலே நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம்.

எட்டுப் பத்துக்கு ஜீப் பிடித்தோம். போய்வர, அங்கே நிற்க, எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் கேசர் சிங். நாற்பது வயதுக்குள் இருக்கும். நிமிர்ந்த ஆள், முடி ஒட்ட வெட்டியிருந்தார். அவருக்கு உடைந்த இங்கிலிசு, எனக்கு ஒட்டுப்போட்ட இங்கிலிசு. இரண்டையும் சேர்த்து ஒப்பேற்றினோம்.

பார்மேர் போகிற பாதையில் பதினேழு கிலோமீட்டர். பாலைவனம் என்றதும் நான் படத்தில் பார்த்த மணல்மேடுகளை நினைத்திருந்தேன். அது வேறு பக்கமாம். இது கல்லும் சரளையுமாகக் காய்ந்துபோன வெட்டவெளி. தூரத்தில் ஒட்டகங்கள், இடைக்கிடை முள்மரம். நம்மூர் எருக்கலைச் செடியை அங்கே கண்டதும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட சந்தோசம். "அங்க பாருங்க, எருக்கல!" என்று கத்தினேன். இவர் பார்க்கவில்லை. ஜீப் சக்கரம் தாரைவிட்டு இறங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதராஸ்?" என்று கேட்டார் கேசர் சிங்.

"இல்ல. சிறிலங்கா."

"சிறிலங்காவில் எங்கே?"

"மட்டக்களப்பு" என்றேன். ஜீப்பின் வேகம் குறைந்தது. அவர் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு ஒரு கையைச் சக்கரத்தில் வைத்தபடி, மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சுத்தமான தமிழில் சொல்லத் தொடங்கினார்:

"நில்லு. வா. போ. எங்க போற? கையத் தூக்கு. தண்ணி. பயம் இல்ல."

ஏழு சொல். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த தமிழ். முன்னொரு காலத்தில் இந்தியப் படை எங்கள் ஊரில் நின்றபோது, அதில் ஒருவராக மட்டக்களப்பில் ஒரு வருஷம் இருந்திருக்கிறார். அப்போது இருபத்திரண்டு வயதாம்.

நான் மடியில் கிடந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்வானேன். நான் குடும்பநல மாது. ஊரில் ‘மிட்வைஃப் அம்மா’ என்பார்கள். அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரசவப் பையோடு சைக்கிளில் போகும்போது எத்தனை தரம் இந்த "நில்லு"வைக் கேட்டிருக்கிறேன். கத்தரிக்கோலையும் நூலையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, "எங்க போற?" என்பார்கள். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்குப் போகிறேன் என்பதை எந்தப் பாசையில் சொல்வது? கேட்ட குரல்களில் இந்தக் குரலும் ஒன்றோ என்னவோ. என் மனிசன் பக்கம் கிறுகிப் பார்த்தேன். கல்லுப்பிள்ளையார்போல இருந்தார்.

கேசர் சிங்குக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். பிறகு கைகளால் வட்டமாக ஒரு சட்டி காட்டி, அதற்குள் விரலை விட்டு வழித்து வாயில் வைப்பதுபோலச் செய்து, "தஹி" என்றார். எங்கள் எருமைத் தயிர்! சட்டித் தயிர்! எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பவும் இரிக்கோ எண்டு கேக்கிறார்" என்று இவரிடம் சொன்னேன். "இரிக்கெண்டு சொல்லு" என்றார் இவர், முகத்தைத் திருப்பாமலே.

ஒன்பது மணிக்கு ஆகல் வந்தது. கல்மரக் காடு என்று சொன்னாலும் காட்டுக்குரிய ஒரு இலைகூட அங்கே இல்லை. கம்பிவேலி, ஒரு படலை, படலையடியில் ஒரு சின்னக் கட்டடம், வெளியே கதிரையில் ஒரு காவலாளி. அவர் எங்களைக் கண்டதும் கையைத் தூக்கினார். என்ன செய்தேன் தெரியுமா? ஜீப்பிலிருந்து குதித்து, அடையாள அட்டையை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையால் கைப்பையை அகலத் திறந்துகொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். யாரும் சொல்லவில்லை. காவலாளி கை தூக்கினால் இறங்கி நடந்துபோய்ப் பையைக் காட்டவேண்டும் என்பது எங்களுக்கு உடம்பில் ஊறிப்போனது. காவலாளி பைக்குள் எட்டிப் பார்த்தார். மேலாக ஒரு பிஸ்கட் பைக்கற் பிரிந்து கிடந்தது. முகம் மலர்ந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்து, நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுக் கடித்தார். அவர் கை தூக்கியது வணக்கத்துக்காம்.

கேசர் சிங் விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். ஜெய்ப்பூருக்கு வந்து பதினோரு நாளில் இவர் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான். அதற்காக இன்னும் நாலு காவலாளிக்குப் பிஸ்கட் கொடுத்திருப்பேன்.

வெளிநாட்டாருக்கு நுழைவுச்சீட்டு இருபது ரூபாய். உள்ளே ஒரு பலகையில் இங்கிலிசிலும் ஹிந்தியிலும் எழுதியிருந்தது. பதினெட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தி இது கடற்கரையோரக் காடாம். ஈரமும் சூடுமாக, மரம் அடர்ந்து இருந்ததாம். மரங்கள் விழுந்து, புதைந்து, கடல் வந்து மூடி, மரம் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் புகுந்துவிட்டதாம். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "பதினெட்டுக் கோடி" என்றதும் இவர், "உன்ட அப்பா சீதனமாத் தாறெண்ட கதிர இன்னும் வரல்ல. அதுக்கும் அவ்வளவு காலம் செல்லும்போல" என்றார். வாய் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

படலையிலிருந்து ஒரு சீமெந்துப் பாதை போகிறது, அரை ஆள் அகலம். அதுவரைக்கும் ஊன்றுகோல் ஒன்றோடு அவர் நன்றாகவே நடந்தார். இரண்டு பக்கமும் செம்மண் சரளை, சரிவு. சரிவுகளில் தகரக் கூரை போட்ட இரும்புக் கூடுகள் நாய்க்கூடு போலத் தெரிந்தன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு மரமாம். பாதை ஒரு திருப்பத்தில் முடிந்தது. அங்கேயிருந்து கூடுகளுக்குப் போக மண்ணில்தான் இறங்கவேண்டும்.

இவர் நின்றுவிட்டார். நின்றது மட்டுமல்ல, என் முழங்கையை எலும்பு நோகப் பிடித்து இழுத்தார்.

"அங்கால போகாத. பாரு."

பார்த்தேன். பாதை முடிகிற இடத்தில், ஓரம் முழுக்க, சிவப்புப் பூசிய கற்கள் வரிசையாக இருந்தன.

எங்கள் பகுதியில் அந்த வருஷங்களில் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளை பூசிய கல் என்றால் துப்புரவாக்கிய இடம். சிவப்பு பூசிய கல் என்றால் அதற்கு அங்கால் காலே வைக்கக்கூடாது. எழுத்துத் தெரியாத பிள்ளைகூட அதை வாசிக்கும். இங்கே அது காவிமண். ஏதோ பெரிய அதிகாரி வருகிறார் என்று காவலாளி அழகுக்காகப் பூசியிருக்கிறார். நான் கேட்டு, கேசர் சிங் கேட்டு, காவலாளி சிரித்துக்கொண்டு தன் காவி வாளியையே எடுத்துவந்து காட்டினார். இவர் வாளியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை.

கேசர் சிங் சிரிக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவருக்குச் சிவப்புக் கல் விளங்கியது. கற்களைத் தாண்டி இறங்கி, சரளையில் தொம் தொம் என்று குதித்து, உருண்டு, கையால் மண்ணை அள்ளிக் காட்டினார். "பயம் இல்ல. பயம் இல்ல. வா. வா."

"இவங்கட வாயால அந்தச் சொல்லக் கேட்டா எனக்குப் பயம் கூடத்தான் செய்யுது" என்றார் இவர். "புள்ள, போவம். நான் இஞ்சயிருந்தே பாத்திட்டன். மரந்தான். போவம்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்த கோபம். "நீங்க இஞ்சயே நில்லுங்க" என்றேன். "அறுநூறு கிலோமீட்டர் வந்தது இந்தக் கூட்டுத் தகரத்தப் பாக்கவா? நான் போய்ப் பாத்திட்டு வந்து சொல்றன், என்ன மரமெண்டு. ஓடாவிக்கு மரம் காட்டப் பொண்டாட்டி வேணும்!" அப்படியே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிவப்புக் கல்லைத் தாண்டி விறுவிறென்று நடந்தேன். மூன்றாவது கூடு ஒரு நாற்பது காலடி இருக்கும். அதைத்தான் குறிவைத்துப் போனேன்.

இருபது காலடிவரை கோபம் என்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு என் செருப்புச் சரளையில் நெரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கீழே பார்த்தேன். முன்னாலே ஒரு வட்டக் கல், சப்பாத்துக்குப் பூசுகிற டின் அளவில், பாதி மண்ணுக்குள். கல்தான். கல் என்று தெரிகிறது. ஆனால் கால் வரவில்லை. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அந்த இடத்தில் முளை அடித்ததுபோல நின்றுவிட்டேன்.

நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இரண்டு வருஷமாக நான் வேறு யார் வளவுக்குள்ளும் இறங்கியதில்லை. முந்தியெல்லாம் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, வேலியோரம் புல்லை மிதித்துக்கொண்டு அடுப்படிவரை போய்ப் பிள்ளையை நிறுப்பேன். இப்போது றோட்டில் நின்று மணி அடிக்கிறேன். "பிள்ளையத் தூக்கிட்டு வாகா, எனக்கு வேல தலைக்குமேல கிடக்கு" என்று தாய்மாரை அதட்டுகிறேன். வேலை கூடிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தது அவர் என்று அவருக்குச் சீமெந்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தவள் நான். என் பயத்துக்கு யார் தட்டிக் காட்டியது? ஐயோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெட்டவெளியில், மூன்று ஆம்பிளைகள் பார்த்திருக்க, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

"புஸ்பம்!"

கலியாணம் முடித்துப் பத்தொன்பது வருஷத்தில் என்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டது எண்ணி நாலைந்து தரம்தான் இருக்கும்.

"புஸ்பம், அசையாத. அப்பிடியே நில்லு. நான் வாறன்."

பின்னால் சத்தம் கேட்டது. ஒரு காலடி இயல்பாக, அடுத்த காலடி கொஞ்சம் மெத்தென்று இழுபட்டு. நடுவில் ஊன்றுகோல். கேசர் சிங் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நான் கிறுகவில்லை, கிறுக ஏலவில்லை. எண்ணிக்கொண்டு நின்றேன். இருபதுக்குக் கிட்ட வந்ததும் என் தோளில் அவர் கை விழுந்தது. கை குளிர்ந்துபோயிருந்தது. மூச்சு வாங்கியது.

"உன்ட காலடியிலதான் வெச்சு வந்தன்" என்றார். பார்த்தேன். சரளையில் என் செருப்புத் தடங்களுக்கு மேலேயே ஒவ்வொன்றாக மிதித்து வந்திருந்தார்.

"பயமில்லையா உங்களுக்கு?"

"இல்லாமலா? நீ தனிய நிக்கிறதப் பாத்த பயத்தில மத்தப் பயம் தெரியல்ல."

நான் அவர் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காற்று அடித்தபடி இருந்தது. திரும்பிப் போக இரண்டு பேர் தடமும் இருந்தது. முன்னாலே கூடுவரைக்கும் இன்னும் இருபது காலடி. அந்தப் பக்கம் யாருடைய தடமும் இல்லை. கேசர் சிங்கும் வேறு பக்கத்தில்தான் குதித்திருந்தார். திரும்புவோம் என்று அவர் சொன்னால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வீறாப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

அவர் கூட்டைப் பார்த்தார். பிறகு கீழே தன் இடது காலைப் பார்த்தார்.

"இத முன்னுக்கு வெப்பம்" என்றார். "போனா றப்பர்தானே போகும்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் காலைத் தூக்கி, யாரும் மிதிக்காத சரளையில் வைத்தார். வைத்து, பாரம் கொடுத்து, கொஞ்சம் பொறுத்தார். மறுகா மற்றக் கால். நான் பின்னால் போகவில்லை, பக்கத்தில் போனேன். அந்த இருபது காலடிக்கு எங்களுக்குக் கால் மணி நேரம் எடுத்திருக்கும். வட்டக் கல்லை மட்டும் இரண்டு பேரும் பேசாமல் சுற்றிப் போனோம்.

காவலாளி ஓடிவந்து, பூட்டு இல்லாத கூட்டின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மரம் கிடந்தது. பதின்மூன்று மீற்றர் நீளம் என்று பலகை சொன்னது. தள்ளி நின்று பார்த்தால் யாரோ நேற்றுத் தறித்துப் போட்ட மரமேதான். பட்டை உரிந்த இடம், கணு, வெடிப்பு எல்லாம் அப்படியே. கிட்டப்போய்த் தொட்டால் சில்லென்ற கல். துரு நிறம், இடையிடையே மஞ்சள்.

இவர் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தார். வைத்துவிட்டு அந்த மரத்தின் பக்கத்தில் குந்தினார்.

குந்தினார்! இரண்டு வருஷமாக நான் பார்க்காத காட்சி அது. தோணி கட்டுகிற ஆளுக்கு நாள் முழுக்கக் குந்தல்தான். முழங்கையை முழங்காலில் ஊன்றி, தலையைச் சரித்து, மரத்தை ஒற்றைக் கண்ணால் பார்க்கிற அந்தப் பார்வை. நடுவிரல் மொளியால் மரத்தைத் தட்டிக் காது வைத்தார், உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று. ணங் என்று வெண்கலம்போலக் கேட்டது. மூக்கைக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். "பதினெட்டுக் கோடி வருஷத்து மரத்தில என்ன மணம் வரும்?" என்றேன். "பழக்கம் புள்ள" என்றார், வெட்கத்தோடு.

வளையங்களை விரலால் எண்ணினார். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தன. "சரிவில நிண்ட மரம்" என்றார். ஒரு இடத்தில் சின்னச் சின்னத் துளைகள். அதைப் பார்த்ததும் கண் பெரிதாகிவிட்டது. "பூச்சி அரிச்சிரிக்கு. தோணியில அரிக்கிற மாதிரியே. இது விழுந்து தண்ணிக்குள்ள கிடந்த மரம். இஞ்ச ஒரு வாவி இரிந்திரிக்கும் புஸ்பம்."

"செரி, என்ன மரம்?"

அவர் நகத்தால் மரத்தைக் கீறிப் பார்த்தார். "நம்மட பக்கத்து மரம் ஒண்டுமில்ல. வைரம் குறைவு. நேர் ஓட்டம். சாமான் பெட்டி அடிக்கிற வெள்ளப் பலக வருமே, அந்தச் சாதி. தோணிக்கு உதவாது" என்றார். பதினெட்டுக் கோடி வருஷம் காத்துக் கிடந்த மரத்துக்கு எங்கள் ஓடாவி கொடுத்த பட்டம் அது. நான் இங்கிலிசில் சொல்ல, காவலாளிக்குக் கேசர் சிங் மொழிபெயர்த்தார். காவலாளிக்கு ஒரே சந்தோசம். வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு பழசு என்றுதான் கேட்பார்களாம், என்ன வேலைக்கு உதவும் என்று சொன்ன ஆள் இவர்தானாம்.

கேசர் சிங் மரத்தைத் தொட்டுக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். இவர் அவரை நேராகப் பார்த்தார், அன்று முதல் தடவையாக.

"மரம்" என்றார்.

"மரம்" என்றார் கேசர் சிங், எட்டாவது விரலை மடக்கி. பிறகு சரளையை அள்ளிக் காட்டினார். "கல்" என்றார் இவர். கேசர் சிங் அடுத்ததாக இவருடைய இடது காலைக் காட்டினார். இவர் கொஞ்சம் யோசித்து, "அதும் கால்தான்" என்றார். கேசர் சிங் பத்து விரலையும் மடக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கூடாகப் போனார். பாதை பக்கமே போகவில்லை. சரிவில் ஒரு தரம் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். நான் பதறி ஓட, "பின்பக்கம் பாரம் காணாது. மீசைக்காரரிட்டச் சொல்லோணும்" என்றார் விழுந்த இடத்திலிருந்தே. நான் ஒரு தகர நிழலில் குந்தியிருந்து, "வெயில் ஏறுது, போதும் வாங்க!" என்று கத்தினேன். அப்படிக் கத்துவதற்கு எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அதனால் தேவைக்கு மேலேயே கத்தினேன்.

பன்னிரண்டரைக்குக் கேசர் சிங் தன் சாப்பாட்டுத் துணியை அவிழ்த்தார். தடித்த கம்பு ரொட்டி, மிளகாய்ச் சம்பல்போல ஒன்று, கட்டித் தயிர். தயிரை என் பக்கம் தள்ளிவைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லம். ஆனா எங்கட தயிர்போல வராது" என்றேன். அவரும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். சம்பலின் உறைப்புக் காதுவரை ஏறியது. சாப்பிட்டு முடிய, இவர் கால்சட்டையைச் சுருட்டிக் காலைக் கழற்றினார். பொருத்துகிற இடத்தில் இரண்டு இடம் சிவந்திருந்தது. நான் எண்ணெய் தடவிவிட்டேன். காலின் அடியில் சரளை கீறிய கோடுகள், இடுக்கில் மண். அந்த மண்ணைத் தட்டவேண்டாம், பட்டறைக்காரர் பார்க்கட்டும் என்றார்.

ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். தரையில் கிடக்கிற துண்டு எதையும் எடுக்கக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது. நாங்கள் எடுக்கவும் இல்லை. கண்ட இடத்தில் கண்டதை எடுக்காத பழக்கம் எங்களிடம் நன்றாகவே உண்டு. படலையடியில் காவலாளி ஒரு பெரிய கொப்பியை விரித்துப் பேனையை நீட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் எழுதவேண்டுமாம். திகதி, பெயர், ஊர், கருத்து என்று நாலு கோடு கீறியிருந்தது. மேலே இங்கிலிசில் ‘நல்ல இடம்’, ‘மிகவும் பழமையானது’, ‘தண்ணீர் வசதி தேவை’ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள்.

இவர் கொப்பியை மேசையிலிருந்து எடுத்து, கீழே மண்ணில் குந்தி, மடியில் வைத்து எழுதினார். எழுத்து அவருக்குச் சுறுக்கென்று வராது, ஒவ்வொன்றாக இழைத்து இழைத்துத்தான் எழுதுவார். ஊர் என்ற இடத்தில் களுதாவளை, மட்டக்களப்பு. கருத்து என்ற இடத்தில் தமிழில் ஒரே ஒரு வரி: ‘மண்ணில் இறங்கி நடந்தோம்.’

அந்தப் பாலைவனத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. கேசர் சிங் எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். "இடம் நல்லாயிருக்கு எண்டு" என்றேன்.

பிறகு பேனை என் கைக்கு வந்தது. பதினெட்டு வருஷமாகக் கிளினிக் இடாப்பு நிரப்பிப் பழகிய கை. என் பெயரை எழுதி, ஊரை எழுதி, கருத்து என்ற இடத்தில், அவருடைய வரிக்கு நேர் கீழே, ‘மேற்படி’ என்று போட்டேன்.